காணிக்கை எண்ணும் மேசையிலிருந்து: ஆராதனைக்குள் வியாபாரம் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

பத்தொன்பது வருஷமாக எங்கள் சபையில் காணிக்கை எண்ணுகிறவள் நான். ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னறையில் மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம். பைகளை மேசையில் கவிழ்த்து, கசங்கிய நோட்டுகளை உள்ளங்கையால் நீவி, நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி, தாளில் எழுதிக் கூட்டுவோம். பிழைப்புக்கும் நான் கணக்குதான் எழுதுகிறேன். அதனால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. பக்தியில் நான் யாருக்கும் மேலே என்பதால் இல்லை.

காணிக்கை உறைகளின் மேல் சிலர் ஜெபக் குறிப்பு எழுதுவார்கள். ஒரு வாரம் ஓர் உறையில் இப்படி இருந்தது: "தேர்வில் தேறினால் மீதிப் பாதி." மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ஏதோ ஒரு பிள்ளை ஆண்டவருக்கு முன்பணம் கட்டியிருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் யோசித்தேன், இந்தப் பேரத்தை அந்தப் பிள்ளை எங்கே கற்றது என்று. வேறெங்கே, எங்கள் ஜெபத்தைக் கேட்டுத்தான்.

"மதமே வியாபாரமாகிப் போச்சு அக்கா" என்று யாராவது அலுத்துக்கொண்டால் நானும் ஆமாம் போடுவேன். ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். என்னுடைய சொந்த அசட்டுத்தனத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

நான் நடுக் கட்டத்தில் குறியிட்ட கதை

என் இளைய மகன் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். காய்ச்சல் விடவில்லை, காரணமும் பிடிபடவில்லை. அந்த நாட்களில் ஒரு பிரசங்கியாருடைய நிகழ்ச்சியைத் தினமும் கேட்பேன். பேர் வேண்டாம். ஜெப விண்ணப்பம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பத்து நாளில் ஒரு படிவம் வந்தது. அதில் மூன்று கட்டங்கள்: சாதாரண ஜெபம், தொடர் ஜெபம், அவசர ஜெபம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. கணக்கெழுதுகிறவள் இல்லையா, முன்னும் பின்னும் பார்த்து நடுவில் இருந்ததில் குறியிட்டேன்.

பணம் போய்ச் சேர்ந்ததும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு எண்ணெய்க் குப்பியும் ஒரு கடிதமும் வந்தன. கடிதத்தின் முதல் வரியில் என் பெயர் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் கறுப்பாக அச்சாகியிருந்தது. இரண்டாம் பத்தியில், "உங்களுக்காக இரவெல்லாம் கண்ணீரோடு மன்றாடினேன்" என்ற இடத்தில், வேறொருவர் பெயர் இருந்தது. முந்தைய ஆளின் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகும் அந்த எண்ணெயை எடுத்து மகனின் நெற்றியில் தடவினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகன் எழுந்து நடந்தான். மருத்துவர்கள் மருந்தை மாற்றியிருந்தார்கள், சபையார் ஜெபித்தார்கள், என் அம்மா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எதனால் எழுந்தான் என்பதில் அடுத்து வந்த கடிதத்துக்கு மட்டும் சந்தேகமே இல்லை: "நீங்கள் விதைத்த விதை பலன் தந்தது. இப்போது நன்றியின் விதையை அனுப்புங்கள்."

அந்தப் பிரசங்கியாரைத் திட்டுவது சுலபம், நானும் போதுமான அளவு திட்டினேன். ஆனால் கட்டத்தில் குறியிட்டது என் கை. விற்கிறவர் இருந்தார், வாங்குகிறவள் நான் இருந்தேன். எனவே கடை எங்கே இருக்கிறது என்று தேடும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

பணம் இருந்தாலே வியாபாரம் ஆகிவிடாது

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் குற்றம் காண ஆரம்பித்துவிடுவோம். இயேசுவுக்கும் சீஷருக்கும் பெண்கள் தங்கள் ஆஸ்திகளால் ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். பிலிப்பியர் அனுப்பிய உதவியையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். விளக்கு எரிய வேண்டும், கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும், போதகரின் பிள்ளைகள் படிக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும்.

அப்படியானால் எருசலேம் தேவாலயத்தில் இயேசு மேசைகளைக் கவிழ்த்தது எதற்கு? அங்கே நடந்தது வெளிப் பார்வைக்கு நியாயமான ஏற்பாடுதான். தேவாலய வரி அரைச் சேக்கல். அதைத் தீரு பட்டணத்து வெள்ளிக்காசில் கட்ட வேண்டும். அதன் வெள்ளி தரமானது. தூரதேசத்திலிருந்து வருகிறவன் வேறு காசு வைத்திருப்பான், மாற்றித்தர ஆள் வேண்டும். பலிக்கு ஆடும் புறாவும் வேண்டும், வழியெல்லாம் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆக, காசுமாற்றுகிறவர், புறா விற்கிறவர். எல்லாம் வசதிக்காக.

யோவான் 2-ஆம் அதிகாரத்தில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. இயேசு வாய் திறந்து பேசுவது புறா விற்கிறவர்களிடம்: "இவைகளை இவ்விடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள், என் பிதாவின் வீட்டை வியாபார வீடாக்காதிருங்கள்." புறா ஏழையின் பலி. ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவர்கள் இரண்டு புறா கொண்டுவரலாம் என்று லேவியராகமம் இளகிக் கொடுக்கிறது. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவைக் கொண்டுவந்தபோது கொடுத்தது அந்தப் பறவைப் பலியைத்தான். நியாயப்பிரமாணம் ஏழைக்கென்று திறந்துவைத்த வாசலில் விலைப்பலகை மாட்டினால் என்ன ஆகும்? யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு சம்பவம் வருகிறது. ஒருகாலத்தில் எருசலேமில் ஒரு ஜோடிப் புறாவின் விலை பொன் தினாருக்கு ஏறிவிட்டது. ரபான் சிமியோன் பென் கமாலியேல் என்ற போதகர், விலை இறங்காமல் இன்றிரவு தூங்கமாட்டேன் என்று சொல்லி, பிரசவத்துக்குப் பின் பெண்கள் செலுத்த வேண்டிய பலிகளைப் பற்றிய விதியையே தளர்த்தினார். பலி குறைந்தது, அன்றைக்கே விலை வெள்ளித் தினாருக்கும் கீழே விழுந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பிரசங்கம் செய்துகொண்டிருக்காமல் விலையை இறக்கினார்.

எனவே நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஆண்டவர் இலவசமாகத் தருகிற ஒன்றுக்கு, அதாவது மன்னிப்புக்கு, ஜெபத்துக்கு, ஆசீர்வாதத்துக்கு, அவர் சமுகத்தில் நிற்பதற்கு, மனுஷர் விலை குறித்தால் அது வியாபாரம். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று மத்தேயு 10-இல் இயேசு சொன்னது நோயாளிகளைக் குணமாக்குவதைப் பற்றித்தான். கூரை ஓட்டுக்குப் பணம் கேட்டால் அது கூரைச் செலவு. சுகத்துக்குப் பணம் கேட்டால் மேசையைக் கவிழ்க்கலாம்.

இதில் எந்தச் சபைப் பிரிவும் மற்றதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 1517-இல் தெட்சல் என்ற துறவி பாவமன்னிப்புச் சீட்டு விற்றதையும் மார்ட்டின் லூத்தர் அதற்கு எதிராக எழுதியதையும் சீர்திருத்தச் சபையார் விரும்பிச் சொல்வார்கள். ஆனால் அப்படிப் பணத்தோடு கட்டியிருந்த சலுகைகளை 1567-இல் ரத்து செய்தது ஐந்தாம் பயஸ் என்ற போப்தான். இன்னொரு பக்கம், சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் உட்காரும் பெஞ்சுக்கு வாடகை வசூலித்தார்கள். பணக்காரருக்கு முன்வரிசை, இல்லாதவருக்குக் கடைசி மூலை. இங்கிலாந்தில் ஜார்ஜ் முல்லர் என்ற போதகர் 1830-இல் இது கூடாது என்று சொல்லி, அந்த வாடகையிலிருந்து வந்த தன் சம்பளத்தையே விட்டுவிட்டு, ஒரு பெட்டியை மட்டும் வைத்தார். விருப்பப்பட்டவர்கள் போடட்டும் என்றார்.

முதலில் உங்கள் ஜெபத்தைத் தணிக்கை செய்யுங்கள்

யோபு புத்தகத்தில் சாத்தான் கேட்கும் கேள்வியை நான் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" ஆதாயம் இல்லாமல் எவன் உம்மைக் கும்பிடுவான் என்று கேட்கிறான். மிச்சப் புத்தகம் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறது. பிசாசின் வாயிலிருந்து வந்தாலும் நல்ல தணிக்கைக் கேள்வி.

எப்படிச் செய்வது? ஒரு மாதம், ஜெபித்து முடித்ததும் ஒன்றிரண்டு வரி எழுதுங்கள். என்ன கேட்டேன், எதற்கு நன்றி சொன்னேன், என்ன ஒத்துக்கொண்டேன். நாகரிகமாக எழுத வேண்டாம், உள்ளபடி எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். என்னுடையதைப் படித்தபோது சரக்குப் பட்டியல் மாதிரி இருந்தது. "தாரும், தாரும், சீக்கிரம் தாரும்." நன்றி என்று எழுதியிருந்த இடங்களும் பெரும்பாலும் வந்து சேர்ந்த சரக்குக்கு ரசீது.

கேட்பது தப்பு என்று சொல்லவரவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே அன்றன்றுள்ள அப்பம் இருக்கிறது. பிள்ளை தகப்பனிடம் கேட்கும்; கேட்காவிட்டால்தான் ஏதோ சரியில்லை. பிள்ளை கேட்பதற்கும் வியாபாரி கேட்பதற்கும் வித்தியாசம் பதிலில் தெரியும். இல்லை என்று பதில் வந்தால் பிள்ளை அழுதுவிட்டு அதே வீட்டில்தான் தூங்கும். வியாபாரி அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு, எனக்கு நிஜமாகவே உதவியது இதுதான். "இது நடந்தால் அதைத் தருகிறேன்" என்று நாக்கில் ஒரு பொருத்தனை வரும்போது அதை இரண்டாக வெட்டுங்கள். தருகிறேன் என்று நினைத்ததை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், யாருக்கும் சொல்லாமல். கேட்க வேண்டியதை நாளைக்குக் கேளுங்கள், கையில் எதுவும் இல்லாமல். முதல் தடவை ரொம்ப வெறுமையாக இருக்கும். ஆண்டவரிடம் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லையே என்று தோன்றும். அந்த வெறுங்கையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். லூக்கா 18-இல் வரி வசூலிக்கிற ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டது அப்படித்தான். முன்னால் நின்ற பரிசேயனிடம் வாரத்துக்கு இரண்டு உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, என்று வரவுசெலவு அறிக்கையே தயாராக இருந்தது.

1 சாமுவேலில் பிள்ளையில்லாத அன்னாள் பொருத்தனை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தாள். ஆனால் அவள் கேட்டது பிள்ளையை, கொடுப்பதாகச் சொன்னதும் அதே பிள்ளையைத்தான். அவளுக்கு அதில் லாபம் எங்கே இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கொடுப்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. எருசலேமிலிருந்த பரிசுத்தவான்களுக்கு உதவி சேர்க்க வேண்டும். வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்துவையுங்கள் என்கிறார். காரணத்தைக் கவனியுங்கள்: "நான் வந்திருக்கும்போது பணஞ்சேர்க்குதல் இராதபடிக்கு." எப்பேர்ப்பட்ட பேச்சாளர்! ஒரு பிரசங்கம் பண்ணினால் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்திருப்பார்கள். வேண்டாம், நான் வருவதற்கு முன்பே நிதானமாகச் செய்து முடியுங்கள் என்கிறார்.

நானும் அப்படியே செய்கிறேன். மாதத் தொடக்கத்தில், மேசையில் உட்கார்ந்து, எவ்வளவு என்று எழுதிவிடுவேன். கூட்டத்தில் இசை உச்சத்துக்குப் போய் எல்லோரும் அழும்போது, எழுதியதற்கு மேல் எடுக்கத் தோன்றினால் மூன்று நாள் பொறுப்பேன். மூன்று நாள் கழித்தும் தோன்றினால் கொடுப்பேன். பல தடவை மூன்றாம் நாளில் எனக்கே மறந்துபோயிருக்கிறது. "இந்த நிமிஷமே கீழ்ப்படியாவிட்டால் ஆசீர்வாதம் கைநழுவும்" என்று மேடையிலிருந்து சொன்னால், எனக்கு அது தள்ளுபடி விற்பனையின் கடைசி நாள் போலத்தான் கேட்கும்.

"விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்று வேதம் சொல்வதில் என்னைப்போன்ற கணக்கர்களுக்கு நியமித்தபடியே என்ற சொல் இனிக்கும். நிலத்தை விற்று, ஒரு பங்கை ஒளித்துவைத்துவிட்டு முழுவதும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்ட அனனியா சப்பீராள் கதையைச் சொல்லி மிரட்டுகிறவர்கள் பேதுரு கேட்டதை விட்டுவிடுகிறார்கள். நிலம் விற்குமுன் உன்னுடையதாக இருந்தது, விற்றபின்பும் பணம் உன் வசத்தில்தான் இருந்தது என்கிறார். ஒரு பங்கைக் கொடுத்ததில் குற்றமில்லை. ஒரு பங்கைக் கொடுத்து முழுப் பெயரை வாங்கப் பார்த்ததுதான் பொய்.

பெயர் என்றதும் ஒன்று. எண்ணும் மேசையில் எனக்கு மறக்காத ஒரு பொட்டலம் உண்டு. கோடு போட்ட நோட்டுத்தாளைக் கிழித்து மடித்து, ஓரத்தைப் பல்லால் கடித்து மூடியது போலிருந்தது. உள்ளே சில்லறை. மாதம் ஒருமுறை, ஏழெட்டு வருஷம் வந்தது. உறை இல்லை, பெயர் இல்லை, குறிப்பும் இல்லை. அப்புறம் நின்றுவிட்டது. அந்த மாதம் யார் இறந்தார்கள், யார் இடம் மாறிப் போனார்கள் என்று பதிவேட்டைப் புரட்டினால் கண்டுபிடித்திருக்கலாம். நாங்கள் மூன்று பேரும் புரட்டவில்லை.

ஒரு வேண்டுகோள் காதில் விழும்போது

2 இராஜாக்கள் 5-ஐ ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் குணமாகி, பத்துத் தாலந்து வெள்ளியும் ஆறாயிரம் சேக்கல் பொன்னும் வைத்துக்கொண்டு நிற்கிறான். குணமாக வழி சொன்ன தீர்க்கதரிசி எலிசா ஒன்றும் வாங்கவில்லை. வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடுகிறான். என்ன சொல்லிக் கேட்கிறான் பாருங்கள்: இப்போதுதான் தீர்க்கதரிசிகளின் புத்திரரில் இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும் வேண்டும். தனக்கென்று கேட்கவே இல்லை. ஏழை ஊழியர், அவசரத் தேவை, குறிப்பான தொகை, எஜமானின் பெயர். நன்றியில் நெஞ்சு நிறைந்திருப்பவனிடம் போய்க் கேட்டான். நாகமான் இரண்டு தாலந்தாகக் கொடுத்தான்.

ஆகவே உருக்கமான கதை கேட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி: அந்த இரண்டு வாலிபர் எங்கே? அவர்கள் கைக்குப் பணம் போனது என்று யார் பார்த்தார்கள்?

இரண்டாவது, சொல்லப்படும் வசனத்துக்கு மேலேயும் கீழேயும் படியுங்கள். இதற்கு இறையியல் பட்டம் வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும். "தசமபாகங்களைப் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள், என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்ற மல்கியா 3:10 எல்லோருக்கும் தெரியும். ஐந்து வசனம் மேலே ஏறினால், கூலிக்காரனின் கூலியைக் குறைப்பவர்களையும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களையும் நியாயந்தீர்க்க வருவேன் என்று ஆண்டவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தத் தசமபாகம் யாருக்கு? ஆலய ஊழியம் செய்த லேவியருக்கு; மூன்றாம் வருஷத்தில் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் சேர்த்து என்று உபாகமம் 14 சொல்கிறது. பண்டசாலை பசித்தவன் வயிற்றுக்காக இருந்தது. அந்த வசனத்தை எடுத்துச் சொல்கிறவரின் பண்டசாலையில் விதவைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

ஏழை விதவையின் இரண்டு காசும் அப்படித்தான். மாற்கு 12-இல் அவள் வருவதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் பண்ணும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அடுத்த காட்சியில் ஒரு விதவை தன் ஜீவனம் முழுவதையும் பெட்டியில் போடுகிறாள். அவளை உச்சிமுகர்ந்து பேசும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அவளிடம் அதற்குமேல் ஒன்றும் மிச்சமில்லாமல் போனது எப்படி என்று கேட்ட பிரசங்கம் ஒன்றே ஒன்று.

ஆதிச் சபைக்கும் இந்தத் தொல்லை இருந்தது. முதல் நூற்றாண்டின் கடைசியை ஒட்டி எழுதப்பட்டதாகப் பலரும் கருதும் டிடாக்கே என்ற சின்னக் கையேட்டில் சுற்றித்திரியும் ஊழியர்களைச் சோதிக்க விதி இருக்கிறது. ஒருநாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் போய்ச் சேரும்வரைக்கான அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்; பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி "எனக்குப் பணம் கொடு" என்பவனுக்குச் செவிகொடுக்காதீர்கள். மற்ற ஏழைகளுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்காதீர்கள். அதே கையேடு, உங்களோடு நிலைத்துத் தங்கும் உண்மையான தீர்க்கதரிசி தன் ஆகாரத்துக்குப் பாத்திரன் என்றும் சொல்கிறது. எத்தனை நடைமுறை ஞானம் பாருங்கள்!

பாட்டு, விளக்கு, பெரிய மேடை பற்றியும் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய கருத்தில்லை. ஆயிரம் விளக்குக்கு நடுவிலும் ஒருவர் உண்மையாகத் தொழலாம். நாலு பேர் உட்காரும் ஓலைக் குடிசையிலும் கல்லாப்பெட்டி இருக்கலாம்.

சபையில் கணக்குக் கேட்பது எப்படி

இங்கேதான் ஜனங்கள் தயங்குகிறார்கள். கணக்குக் கேட்டால் விசுவாசம் இல்லாதவர் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். 2 கொரிந்தியர் 8-ஐக் காட்டுங்கள். தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை; சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட ஒருவரைக் கூடவே அனுப்ப ஏற்பாடு செய்தார். காரணமும் சொன்னார்: "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்." பவுலுக்கே இது தேவைப்பட்டது என்றால் நம் பொருளாளருக்கு வேண்டாமா? நான் பொருளாளராக இருந்தே சொல்கிறேன், வேண்டும்.

கூட்டத்தில் எழுந்து நின்று சத்தம் போடாதீர்கள். தனியாகப் போய், நாலு விஷயம் கேளுங்கள். காணிக்கையை எண்ணுகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஒரே குடும்பமா? போதகரின் சம்பளத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்? வெளியாள் யாராவது கணக்கைத் தணிக்கை செய்கிறாரா? குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுத்தது அதற்கே போகிறதா? நேர்மையான இடத்தில் இதற்குப் பதில் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். எங்கள் சபையில் ஒரு தாத்தா வருஷாவருஷம் என்னிடம் வந்து, "உன்னை நம்பறேம்மா, ஆனா காட்டு" என்பார். நான் காட்டுவேன். இருமுறை என் கூட்டலில் பிழை கண்டுபிடித்தார். ஒருமுறை பிழை எங்களுக்குச் சாதகமாக இருந்தது, அதை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது.

பெரிய ஊழியங்களுக்கும் இது பொருந்தும். 1948-இல் சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் அவரோடிருந்த மூவரும் அமெரிக்காவில் மொடெஸ்டோ என்ற ஊரில் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் எதிலெல்லாம் விழுகிறார்கள் என்று பட்டியல் போட்டார்கள். முதல் வரிசையில் வந்தவற்றில் பணம் ஒன்று, கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிச் சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் அவர்களே வேலி போட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு கிரஹாம் காணிக்கையில் பங்கு எடுக்காமல், குழு நிர்ணயித்த சம்பளம் வாங்கும் முறைக்குப் போனார்.

கேட்டதற்குக் கோபம்தான் பதிலாக வருகிறது என்றால்? இன்னொரு முறை, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு கேளுங்கள். மறுபடியும் கோபம் என்றால் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அதே தொகையை உங்களுக்குத் தெரிந்த கஷ்டப்படுகிற வீட்டுக்கு நேராகக் கொடுங்கள். கேள்வி கேட்டவரை மேடையிலிருந்து சபிக்கிற அளவுக்குப் போனால் கிளம்பிவிடுங்கள்.

ஒரு பள்ளம், நான் விழுந்தது

அந்த எண்ணெய்க் குப்பிக்குப் பிறகு எட்டு மாதம் நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. எல்லாரும் திருடர்கள் என்றேன். ஆராதனையில் பாட்டுக்கு வாய் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, யார் நடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குப் பகுத்தறியும் வரம் என்று பெயரும் வைத்துக்கொண்டேன். வருஷக் கடைசியில் சொந்தக் கணக்கைப் பார்த்தால் கணிசமாக மிச்சமாகியிருந்தது. என் நேர்மையான கோபம் எனக்கு நல்ல லாபம் தந்திருந்தது.

அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. எண்ணும் வேலையை நிறுத்தவில்லை, அது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு ஞாயிறு அந்த நோட்டுத்தாள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அதைக் கொடுத்தவர் நடிக்கிறாரா என்று சோதிக்க எனக்கு எந்த வழியும் இல்லை என்று தோன்றியது. சோதிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அடுத்த வாரம் பாடினேன். சுருதி சேரவில்லை, எப்போதும் சேராது.

அந்த ஊழியத்திலிருந்து இன்றைக்கும் எனக்குக் கடிதம் வருகிறது. வேண்டாம் என்று இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். நல்ல கனமான தாள், ஒரு பக்கம்தான் அச்சு. கத்தரித்து ஒரு கட்டாக எண்ணும் மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நாணயக் கணக்கு கூட்டிப் பார்க்கப் பின்பக்கம் வசதியாக இருக்கிறது.